முன் பிறேக்கும் பின் பிறேக்கும்: ஓர் அச்சத்தின் வரலாறு

வாகனங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்த எஞ்சின் மணிக்கு எத்தனை மைல் ஓடிற்று என்னும் செய்தி நூல்களில் விரிவாக இடம்பெறும். அவ்வாறு ஓடிய வாகனம் எப்படி நின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், வீதியிற் செல்லும் ஒருவனுடைய உயிர், அவனுடைய வாகனம் ஓடும் திறனிலும் பார்க்க, அது நிற்கும் திறனிலேயே கூடுதலாகத் தங்கியிருக்கின்றது.

மோட்டார்ச் சைக்கிளுக்கு இரண்டு பிறேக்குகள் உண்டு. வலக்கையாற் பிடியை அழுத்தினால் முன்சில்லு தடுக்கப்படும். வலக்காலால் மிதியை அழுத்தினால் பின்சில்லு தடுக்கப்படும். இவ்விரண்டினுள் வலிமை மிக்கது முன் பிறேக்கே. எனினும், "முன் பிறேக்கைத் தொடாதே, தலைகீழாக விழுவாய்" என்னும் எச்சரிக்கை தந்தையிடமிருந்து மகனுக்கும் தமையனிடமிருந்து தம்பிக்கும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. இந்த எச்சரிக்கை எங்கே பிறந்தது? அது ஒரு காலத்திலாவது நியாயமானதாக இருந்ததா? இன்று அதனைக் கைக்கொள்வோருக்கு நேர்வது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, எஞ்சின் பூட்டிய வண்டி தோன்றுவதற்கும் முந்திய காலத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

1870ஆம் ஆண்டுக்குப் பின்னர் இங்கிலாந்தில் உயர்சில்லுத் துவிச்சக்கர வண்டி பெருவழக்குப் பெற்றது. அதன் முன்சில்லு ஓர் ஆளின் மார்பளவு உயரமுடையது. பின்சில்லோ மிகச் சிறியது. ஓட்டுபவன் முன்சில்லின் அச்சுக்கு ஏறக்குறைய நேர் மேலே அமர்ந்திருப்பான். முன்சில்லின் இறப்பர் மீது கரண்டி வடிவான ஓர் இரும்புத் துண்டை அழுத்துவதே அதன் பிறேக். இறக்கத்தில் அதைச் சற்றே பலமாக அழுத்தினால், அல்லது முன்சில்லு ஒரு கல்லிலே தடைப்பட்டால், முழு வண்டியும் அச்சைச் சுற்றிப் புரண்டு, ஓட்டுபவனைத் தலைகுப்புறத் தூக்கி எறிந்துவிடும். இவ்வாறு விழுந்து கையொடிந்தோரும் மண்டையுடைந்தோரும் உயிரிழந்தோரும் பலர். முன்சில்லின் பிறேக்கைப் பற்றிய அச்சம் பிறந்தது இங்கேதான். அந்த வண்டிக்கு அந்த அச்சம் முற்றிலும் பொருத்தமானதே.

1885ஆம் ஆண்டு இரு வழிகளிற் சிறப்புடையது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பவர் ஏறக்குறைய ஒரே அளவான இரு சில்லுகளையும் சங்கிலியையும் கொண்ட 'றோவர்' துவிச்சக்கர வண்டியை வெளியிட்டார். ஓட்டுபவன் உயரத்திலிருந்து கீழே இறங்கி, இரு சில்லுகளுக்கும் இடையில் அமரலானான். தலைகுப்புற விழும் ஆபத்து இதனாற் பெரிதும் குறைந்தது. அதே ஆண்டில் யேர்மனியிற் கொட்லிப் டைம்லர் என்பவரும் வில்லெம் மைபாக் என்பவரும் மரச் சட்டத்தில் ஒரு பெற்றோல் எஞ்சினைப் பொருத்தி, இருசில்லு வண்டியொன்றை இயக்கினர். டைம்லரின் மகன் போல், நவம்பர் மாதத்தில் அதனைக் கான்ஸ்ராட் என்னும் இடத்திலிருந்து அயலூருக்கு ஓட்டிச் சென்றான். மணிக்கு 12 கிலோமீற்றர் வரை ஓடிய அந்த வண்டிக்கு நிற்பது பெரிய சங்கடமாக இருந்திராது.

சங்கடம் தோன்றியது 1894ஆம் ஆண்டிலாகும். மியூனிக் நகரின் ஹில்டபிராண்ட்-வொல்ப்முல்லர் நிறுவனம், விற்பனைக்காகப் பெருந்தொகையாக ஆக்கப்பட்ட முதல் மோட்டார்ச் சைக்கிளை அவ்வாண்டில் வெளியிட்டது. ஏறக்குறைய 1,490 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் கொண்ட அது மணிக்கு 45 கிலோமீற்றர் வரை ஓடக்கூடியது. எஞ்சினின் தண்டுகள் பின்சில்லோடு நேரடியாகவே இணைக்கப்பட்டிருந்தன. இத்துணை வேகத்தைத் தடுப்பதற்கு அதற்கு வாய்த்தது, முன் ரயரின் மேல் அழுந்தும் அதே பழைய கரண்டிப் பிறேக்காகும். எஞ்சின் புதியது, பிறேக்கோ துவிச்சக்கர வண்டியிலிருந்து கடன் வாங்கப்பட்டது. அடுத்து வந்த முப்பது ஆண்டுகளின் கதையை இந்த ஒரு வண்டியிலேயே கண்டுகொள்ளலாம்.

இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மோட்டார் வாகனத்துக்குத் தனித்தனியே இயங்கும் இரு பிறேக்குகள் இருத்தல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. விதியின் சொல்லுக்கு உற்பத்தியாளர் பணிந்தனர். முன்சில்லிலே துவிச்சக்கர வண்டிக்குரியது போன்று விளிம்பைப் பற்றும் மெல்லிய பிறேக்கையும், பின்சில்லிலே பட்டி ஓடும் வளையத்தில் ஒரு கட்டையை அழுத்தும் பிறேக்கையும் பூட்டினர். முதலாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்கு ஏறக்குறைய 30,000 என்னும் தொகையில் வழங்கப்பட்ட 'ட்றையம்ப்' நிறுவனத்தின் எச் மாதிரி வண்டியும் இத்தகைய பிறேக்குகளையே கொண்டிருந்தது. மழையில் நனைந்தால் இரண்டும் வழுக்கும். முன் பிறேக் வண்டியை நிறுத்துவதற்கன்றி, விதியை நிறைவேற்றுவதற்கே இருந்தது என்று சொல்லத்தகும்.

அக்காலத்து வீதிகளையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். தார் இடப்படாத வீதியிற் கோடையிற் புழுதியும் மாரியிற் சேறும் குதிரைச் சாணமும் நிறைந்திருக்கும். ரயர்கள் ஒடுங்கியவை, பிடிமானம் குறைந்தவை. முன்சில்லைத் தாங்கும் கவரும் மென்மையானது; பலமான பிறேக்கின் விசையை அது தாங்காது. ஆதலின் அக்காலத்து ஓட்டுநர் பின் பிறேக்கையே நம்பினர் என்பதில் வியப்பில்லை. உயர்சில்லு வண்டியிற் பிறந்த அச்சம், சேற்று வீதியில் வளர்ந்து வலுப்பெற்றது.

அமெரிக்காவில் இது இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே புகழ்பெற்ற ஹாலி-டேவிட்சன் நிறுவனமும் 'இந்தியன்' என்னும் பெயர் கொண்ட நிறுவனமும் தம் வண்டிகளுக்கு முன் பிறேக்கைப் பூட்டத் தொடங்கியது 1928ஆம் ஆண்டளவிலேயே. அதுவரை, பாரமான எஞ்சின்களைக் கொண்டு பெருவேகத்தில் ஓடிய வண்டிகள் பின்சில்லின் பிறேக்கையே நம்பி ஓடின. ஒரு தலைமுறையினர் முழுவதும் முன் பிறேக் என்பதையே அறியாது ஓட்டப் பழகினர். அவர்களே அடுத்த தலைமுறைக்கு ஆசிரியரும் ஆயினர்.

மாற்றத்துக்கு வழிகாட்டியது பந்தயமாகும். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஐல் ஒவ் மான் என்னும் தீவில் 1907ஆம் ஆண்டு தொடக்கம் ரி. ரி. எனப்படும் பந்தயம் நடைபெற்று வருகின்றது. 1911ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 37 1/2 மைல் நீளமான மலைப்பாதைக்கு மாற்றப்பட்டது. மலையேறும் வண்டி மலையிறங்கவும் வேண்டும். இறங்கும் வழியில் வளைவுகளும் வேண்டியமட்டும் உண்டு. எஞ்சின் எவ்வளவு வலிமையுடையதாயினும், வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்க இயலாதவன் வெல்ல இயலாது என்பதை அந்தப் பாதை கற்பித்தது. 1920ஆம் ஆண்டுக்குப் பின்னர், சில்லின் நடுவிலே பறை போன்ற ஒரு கூட்டை வைத்து, அதனுள்ளே இரு 'சப்பாத்துகள்' விரிந்து அழுத்தும் டிறம் பிறேக் மோட்டார்ச் சைக்கிளின் இரு சில்லுகளுக்கும் வந்து சேர்ந்தது. மோட்டார்க் கார்களில் இம்முறையை லூயி றெனோல்ட் 1902ஆம் ஆண்டிலேயே அமைத்திருந்தார். டக்ளஸ் நிறுவனம் இன்னும் முன்னே சென்று, இன்றைய டிஸ்க் பிறேக்கை ஒத்த ஓர் அமைப்பைத் தன் பந்தய வண்டிகளிற் பொருத்திற்று. 1923ஆம் ஆண்டின் முதன்மைப் பந்தயத்தில் டக்ளஸ் வண்டியே வென்றது.

றட்ஜ் என்னும் மற்றோர் ஆங்கில நிறுவனம், 1920களின் நடுப்பகுதியில், கால்மிதியை அழுத்தினால் இரு பிறேக்குகளும் ஒருங்கே இயங்கும் அமைப்பைக் கொணர்ந்தது. மக்கள் முன் பிறேக்குக்கு அஞ்சித் தொடாது விடுகின்றனர் ஆயின், அவர்கள் அஞ்சாத மிதியோடேயே அதனையும் இணைத்துவிடலாம் என்பது நல்ல யோசனையே. இவ்வமைப்பை இத்தாலியின் மோட்டோ குஸி நிறுவனம் 1975ஆம் ஆண்டில் மீண்டும் கைக்கொண்டது. மனிதனின் அச்சத்தைப் போக்குவதிலும் பார்க்க, அச்சத்தைச் சுற்றிப் போவது இலகு என்பதைப் பொறியியலாளர் அறிந்திருந்தனர்.

முன் பிறேக் ஏன் இத்துணை முதன்மை பெறுகின்றது? ஓடும் பேருந்து திடீரென நிறுத்தப்படும்போது நிற்கின்றவர் முன்னோக்கிச் சாய்வதை எவரும் கண்டிருப்பர். மோட்டார்ச் சைக்கிளிலும் அவ்வாறே நிறையானது பின்சில்லிலிருந்து முன்சில்லுக்கு மாறுகின்றது. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓட்டுபவனோடு சேர்த்து வண்டியின் நிறை 200 கிலோகிராம். ஓய்வில் ஒவ்வொரு சில்லும் 100 கிலோகிராம் தாங்குகின்றது. சில்லுகளுக்கு இடையே 130 சென்ரிமீற்றர். புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில். உலர்ந்த தார் வீதியின் உராய்வுக் குணகம் 0.7 என்று கொள்வோம். இரு பிறேக்குகளையும் முழுமையாகப் பயன்படுத்தும்போது முன்சில்லின் மேல் ஏறக்குறைய 165 கிலோகிராமும் பின்சில்லின் மேல் 35 கிலோகிராம் மட்டுமே இருக்கும். பாரமில்லாத சில்லு வீதியைப் பற்றாது; பற்றாத சில்லு வண்டியை நிறுத்தாது.

இதே வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றதாயின், இரு பிறேக்குகளாலும் ஏறக்குறைய 14 மீற்றரில் நிறுத்தலாம். முன் பிறேக் மட்டுமாயின் 19 மீற்றர் வேண்டும். பின் பிறேக் மட்டுமாயின் 37 மீற்றர் வேண்டும். இவற்றோடு, ஆபத்தைக் கண்டு கை செயற்படுவதற்குச் செல்லும் ஒரு விநாடியில் ஓடிவிடும் 14 மீற்றரையும் கூட்டிக்கொள்ளுதல் வேண்டும். மேலும் ஒன்றுண்டு. இரு பிறேக்குகளையும் பயன்படுத்தியவன் நின்றுவிட்ட அதே இடத்தில், பின் பிறேக்கை மட்டும் பயன்படுத்தியவன் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பான். வீதியின் குறுக்கே ஓடிய குழந்தை அந்த இடத்தில் நின்றால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தலைகீழாகப் புரளும் அச்சமோ? இதே கணக்கின்படி, இந்த வண்டி புரள்வதற்கு வேண்டிய விசையை அந்த வீதியின் உராய்வு கொடுக்காது. அதற்கு முன்னரே முன்சில்லு வழுக்கிவிடும். எனவே, உயர்சில்லு வண்டியின் ஆபத்து இங்கே இல்லை. இங்குள்ள ஆபத்து வேறு: முன் பிறேக்கைத் திடீரெனப் பறித்துப் பிடித்தால், நிறை முன்சில்லுக்கு வந்து சேருமுன்னரே சில்லு இறுகி வழுக்கும், வழுக்கிய முன்சில்லு வண்டியை உடனே நிலத்திற் சாய்த்துவிடும். முன் பிறேக்கால் விழுந்தவர் பலர் விழுந்தது, அதனைப் பயன்படுத்தியமையாலன்று, பயன்படுத்திய விதத்தாலேயே.

1935ஆம் ஆண்டளவில் வண்டியின் உடல் இதற்கு ஆயத்தமாயிற்று. அவ்வாண்டில் யேர்மனியின் பீ. எம். டபிள்யூ. நிறுவனம் எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் குழாய்க் கவரைத் தன் வண்டிகளுக்கு வழங்கிற்று. முன்சில்லு பலமான பிறேக்கைத் தாங்கும் வலிமையைப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, 'அராபியாவின் லோறன்ஸ்' எனப் புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ், இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலே தம் மோட்டார்ச் சைக்கிளில் வருகையில், துவிச்சக்கர வண்டிகளிற் சென்ற இரு சிறுவர்களைக் கண்டு விலக முயன்று தூக்கி எறியப்பட்டார். ஆறு நாட்களின் பின், 46ஆம் வயதில் உயிர் நீத்தார். பாலைவனப் போரிலிருந்து மீண்டவர், தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள நாட்டுப்புற வீதியில் மாண்டார். அவரைப் பார்வையிட்ட மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேயர்ன்ஸ், பின்னர் மோட்டார்ச் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

கேயர்ன்ஸ் தலையை ஆராய்ந்தார். அந்தக் கடைசி விநாடிகளிற் கையும் காலும் என்ன செய்கின்றன என்பதை ஆராய்ந்தவர் அமெரிக்கரான ஹரி ஹேர்ட் ஆவார். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவரும் அவருடைய குழுவினரும் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 விபத்துக்களை நேரிற் சென்று ஆராய்ந்தனர். மேலும் 3,600 பொலிஸ் அறிக்கைகளையும் படித்தனர். 1981ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை கூறிய செய்தி தெளிவானது. ஆபத்தைக் கண்டதற்கும் மோதலுக்கும் இடையே ஓட்டுநருக்குப் பொதுவாக வாய்த்த காலம் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்தச் சிறு காலத்திற் பெரும்பாலானோர் பின் பிறேக்கை அளவுக்கு மீறி மிதித்துப் பின்சில்லை வழுக்கவிட்டனர். முன் பிறேக்கையோ போதிய அளவு பயன்படுத்தவில்லை. விபத்துக்குள்ளானோரில் 100க்கு 92 பேர் தாமாகவோ உறவினர் நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள்.

இந்த இறுதிச் செய்தியே சிந்திக்கத்தக்கது. அவர்கள் ஓட்டியவை நல்ல முன் பிறேக்குகளைக் கொண்ட வண்டிகள். 1962ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் லம்பிறெற்றா ஸ்கூட்டர் ஒன்றுக்கு முன் டிஸ்க் பிறேக் வந்துவிட்டது. 1969ஆம் ஆண்டில் யப்பானின் ஹொண்டா நிறுவனம் தன் சீ. பீ. 750 வண்டியில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் முன் டிஸ்க் பிறேக்கைப் பெருந்தொகை உற்பத்திக்குக் கொணர்ந்தது. டிறம்மின் உள்ளே சிறைப்படும் வெப்பம் டிஸ்க்கிலிருந்து காற்றிலே கலந்துவிடும். நீண்ட இறக்கத்திலும் அது களைப்பதில்லை. பிறேக் இவ்வாறு வளர்ந்துவிட்டது. அதனைப் பிடிக்கும் கையோ, அன்புள்ள ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொடுத்த பழைய பாடத்திலேயே நின்றுவிட்டது. சேற்று வீதிக்கும் கரண்டிப் பிறேக்குக்கும் உரிய அறிவு, தார் வீதியிலும் டிஸ்க் பிறேக்கிலும் உயிரைப் பறிக்கும் அறியாமையாயிற்று.

அதன் பின்னர் பொறியியலாளர், பதறும் கைக்கும் சில்லுக்கும் இடையே ஒரு காவலனை நிறுத்தினர். 1988ஆம் ஆண்டில் பீ. எம். டபிள்யூ. நிறுவனம், சில்லு இறுகுவதை மின்னணுக் கருவியால் தடுக்கும் ஏ. பீ. எஸ். அமைப்பை மோட்டார்ச் சைக்கிளிற் பொருத்தி விற்பனைக்கு விட்டது. சில்லு நிற்கப்போவதை உணர்ந்து, ஒரு விநாடியிற் பல தடவை அழுத்தத்தைத் தளர்த்தி மீண்டும் கொடுப்பது அதன் பணி. ஐரோப்பிய ஒன்றியம் 2016ஆம் ஆண்டிலிருந்து 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட புதிய மாதிரிகளுக்கு இதனைக் கட்டாயமாக்கிற்று. இந்தியாவும் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடக்கம் அந்த அளவுக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு இதனையும், அதற்குட்பட்டவற்றுக்கு இரு பிறேக்குகளையும் இணைக்கும் அமைப்பையும் கட்டாயமாக்கிற்று. நூறாண்டுக்கு முன் றட்ஜ் நிறுவனம் கண்ட வழி இவ்வாறு சட்டமாயிற்று.

இலங்கையின் வீதிகளில் ஓடும் மோட்டார்ச் சைக்கிள்களுள் மிகப் பல இந்தியாவில் ஆக்கப்பட்டவை. எனினும், இந்தப் புதிய காவலன் இல்லாத பழைய வண்டிகளும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றில் ஒரு தந்தையும் தாயும் இரு பிள்ளைகளும் ஏறிச் செல்வதை நாள்தோறும் காணலாம். அந்த வண்டிகளுக்குக் காவல் ஓட்டுபவனுடைய கையின் பழக்கமே.

அப்பழக்கம் அரிதானதன்று. வண்டி நிமிர்ந்து நேரே ஓடும்போதே பிறேக் பிடித்தல் வேண்டும். வளைவு வருமாயின் அதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். எஞ்சினின் வேகத்தை விட்டு, இரு பிறேக்குகளையும் ஒருங்கே தொடங்குதல் வேண்டும். முன் பிறேக்கைப் பறித்துப் பிடியாது, முதலில் மெல்லத் தொட்டு, நிறை முன்சில்லில் இறங்கியதும் படிப்படியாக இறுக்குதல் வேண்டும். பின் பிறேக் மென்மையாகத் துணை நிற்கும். முன்சில்லு இறுகி வழுக்கினால் உடனே தளர்த்தி மீண்டும் பிடித்தல் வேண்டும். முதல் மழையில் நனைந்த தார், கடற்கரை வீதியின் மணல், நெல் உலர விரித்த வீதியோரம் ஆகியவற்றில் இரண்டையும் இன்னும் மென்மையாகவும், வெகு முன்னதாகவும் பிடித்தல் வேண்டும். ஏ. பீ. எஸ். உள்ள வண்டியாயின், உறுதியாகப் பிடித்து விடாதிருத்தலே முறை. இவற்றைக் கேட்டு அறிவதால் மட்டும் பயனில்லை. வெறுமையான ஒரு மைதானத்தில், குறைந்த வேகத்தில், கை தானாகவே செய்யும்வரை பழகுதல் வேண்டும். இரண்டு விநாடியில் எவரும் சிந்திப்பதில்லை, பழகியதையே செய்வர்.

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டு முற்றத்தில் ஒரு புதிய வண்டி வந்து நிற்கும்போது, அதனை ஓட்டக் கற்கும் பிள்ளைக்கு மூத்தோர் ஏதேனும் சொல்லியே தீருவர். உயர்சில்லு வண்டியோடு பிறந்த பழைய எச்சரிக்கைக்குப் பதிலாக, "இரண்டையும் பிடி, முன் பிறேக்கை மெல்லத் தொடங்கி இறுக்கு" என்று அவர்கள் சொல்வார்களாயின், அந்தப் பிள்ளை என்றோ ஒரு நாள் 37 மீற்றரில் நிற்கவேண்டிய இடத்தில் 14 மீற்றரில் நிற்கும்.